முந்நூறும் ஏழு மில்லியும்

கைய விடுங்க தம்பி, நானே ஏறிக்குவேன். ரெண்டு படி ஏறுறதுக்கு ஒரு ஆள் துணையா?

இது குமுளி வண்டிதான? போர்டுல என்னத்த எழுதி வச்சிருக்கானுங்கன்னே தெரியல. முந்தியெல்லாம் பெயின்ட்டுல பட்டை பட்டையா எழுதுவான், அடுத்த தெருவுல இருந்தே படிச்சிரலாம். இப்ப லைட்டுல எழுதுறேன்னு ஒரே கலங்கலா எழுதுறான். பேப்பரும் அப்படித்தான், மைய மிச்சம் பிடிக்கிறானுங்க. சன்னல் பக்கம் நீங்களே உக்காருங்க. மலையப் பாத்துப் பாத்து எனக்குச் சலிச்சுப் போச்சு. இந்த மஞ்சப்பை மட்டும் என் மடியில இருக்கட்டும். வீட்டுல குடுத்துவிட்டா, போய்ச் சேர்ற வரைக்கும் பிரிக்கக் கூடாதாம். என்னத்த வச்சாளோ, கல்லு மாதிரி கனக்குது.

எங்க போறீங்கன்னு நீங்க கேக்கல. கேக்காட்டியும் சொல்றேன், மேல ஏறுற வரைக்கும் பொழுது போகணும்ல. ஒரு உறவ அறுத்துவிட்டுட்டு வரப் போறேன். என் மச்சினன் சுருளிவேல், என் பொண்டாட்டி கூடப் பிறந்த தம்பி. குமுளி தாண்டி மேல ஏலக்காய்த் தோட்டத்துல குடியிருக்கான். எனக்கும் அங்கதான் தோட்டம், ரெண்டுக்கும் ஒரே வேலி. வீடுதான் எனக்குக் கம்பத்துல. வர்ற ஆவணியில என் கடைசி மகனுக்குக் கல்யாணம். ஊருக்கெல்லாம் பத்திரிகை வச்சாச்சு, தாய்மாமனுக்கு மட்டும் வைக்கல. முதல்ல வைக்க வேண்டியது அவனுக்குத்தான். அந்தக் கல்யாணத்துக்கு நீ வரவேண்டாம்டான்னு அவன் மூஞ்சிக்கு நேரா சொல்லிட்டு அடுத்த வண்டியில எறங்கிருவேன். அவன் வராட்டி நானும் வரலன்னு லோகமணி சொல்லிட்டா. லோகமணிதான் என் வீட்டுக்காரி. ஆத்தா இல்லாம ஒரு கல்யாணம் நடக்கட்டுமே, என்ன இப்ப.

எதுக்குன்னா, துப்பாக்கி விவகாரம். பயப்படாதீங்க தம்பி, கையில எதுவும் இல்ல. லைசென்ஸ் துப்பாக்கி, எங்க அப்பா காலத்துல இருந்து வீட்டுல இருக்கு. அந்தக் காலத்துல மேல எஸ்டேட்டுல ஒரு வெள்ளைக்காரத் துரை இருந்தாரு. ஊருக்குப் போறப்ப ரெண்டு ரைபிளையும் வித்துட்டுப் போனாரு. ஒண்ண எங்க அப்பா வாங்கினாரு, இன்னொண்ண என் மாமனாரு வாங்கினாரு. எங்களது முந்நூறு மேக்னம். அவுகளது ஏழு மில்லி மேக்னம். எனக்குப் பொண்ணு குடுத்தப்ப, ரெண்டு துப்பாக்கியும் ஒரே குடும்பத்துக்குள்ள வந்துருச்சேன்னு எங்க அப்பா சிரிச்சாரு.

மேக்னம்னா வெடிமருந்து கூடுதல். சாதாரணத் தோட்டாவ விட அடைப்பு சாஸ்தி, வேகம் சாஸ்தி. இதுல முந்நூறும் ஏழு மில்லியும் பாத்தீங்கன்னா அக்கா தங்கச்சி மாதிரி. அடிப்பக்கம் ரெண்டுக்கும் பெல்ட்டு மாதிரி ஒரே வளையம், ஒரே சுத்தளவு. நீளத்துல ஒரு நெல்லு மொனை வித்தியாசம். மேல இருக்குற குண்டுதான் என்னதுல கொஞ்சம் தடிமன், அவனதுல ஒல்லி. பாக்குறவனுக்கு ரெண்டும் ஒண்ணுதான். எனக்கு அப்படி இல்ல. கண்ண மூடிட்டு உள்ளங்கையில வச்சாலே சொல்லிருவேன், இது முந்நூறு, இது ஏழுன்னு.

எது ஒசத்தின்னுதான் சண்டை. சுருளி பள்ளிக்கூடம் போற காலத்துலயே ஆரம்பிச்சது. "மாமா, உங்க முந்நூறு மூட்டை தூக்குறவன். என் ஏழு மில்லி தபால்காரன். சொன்ன வீட்டுல போய்ச் சேந்துரும்"பான். நான் விடுவேனா. "தபால்காரன் வாசல்ல நின்னு குரல் குடுத்துட்டுப் போயிருவான்டா மாப்ள, மூட்டைக்காரன்தான் உள்ள கொண்டு போய் எறக்குவான்"பேன். அவனது ஒல்லிக் குண்டு, காத்தக் கிழிச்சிட்டு நேராப் போகும்பான். என்னது கனத்த குண்டு, பட்டா எந்த மிருகமும் எந்திரிக்காதும்பேன். உங்கது தோளை ஒடைக்கும்பான். தோளு இருக்குறவனுக்குத்தான்டா துப்பாக்கின்னு நான் சொல்லுவேன். என் மக நிச்சயதார்த்தத்துல பந்திக்கு நடுவுல சத்தம் போட்டுட்டு இருந்தோம். சம்பந்தி வீட்டுக்காரங்க சீர்வரிசையில ஏதோ தகராறுன்னு எந்திரிச்சுட்டாங்க. கடைசியில பாத்தா, இருநூறு கஜம் போறதுக்குள்ள எந்தக் குண்டு எத்தனை விரக்கடை எறங்கும்னு ரெண்டு பேரும் எலையில சாம்பாரத் தொட்டுக் கோடு போட்டுக்கிட்டு இருக்கோம்.

இதுல வேடிக்கை என்னன்னா தம்பி, ரெண்டு பேரும் ஒரு முயலைக் கூடச் சுட்டதில்ல. எங்க கைக்குத் துப்பாக்கி வர்றதுக்குள்ள வேட்டையே கூடாதுன்னு சட்டம் வந்துருச்சு. ஆயுத பூசைக்குத் தொடச்சு சந்தனம் வைக்கிறது, வருசத்துக்கு ஒருக்க பாறையில சுண்ணாம்பு அடிச்சு ஆளுக்கு ரெண்டு சுடுறது, அவ்வளவுதான். மத்ததெல்லாம் வாயாலயே வேட்டையாடினது. வாயாலயே இந்த மலையில இருந்த காட்டெருமையெல்லாம் தீத்துட்டோம்.

இப்பத்தான் நெசமாவே ஒரு சந்தர்ப்பம் வந்துச்சு. கேரளாப் பக்கம் காட்டுப்பன்னி அட்டூழியம் தாங்க முடியல. தோட்டத்துல பன்னி எறங்கினா, லைசென்ஸ் துப்பாக்கி வச்சிருக்கவங்களக் கூப்பிட்டு பஞ்சாயத்துலயே சுடச் சொல்லலாம்னு ஆர்டர் இருக்கு. சுட்டாலும் திங்க முடியாது, மண்ணெண்ணெய ஊத்திப் பொதைச்சிரணும். வர்க்கிச் சேட்டன்னு எங்களுக்குப் பக்கத்துத் தோட்டக்காரர். அவரோட மரவள்ளிக் கெழங்க மொத்தமாக் கிண்டி எறிஞ்சுட்டுப் போயிருச்சு. எங்க ரெண்டு பேர் பேரையும் பஞ்சாயத்துல எழுதிக்கிட்டாங்க. அன்னைக்கு சுருளி போன் போட்டு என்ன சொன்னான் தெரியுமா? "மாமா, இனிமே பேச்சு இல்ல. பன்னி தீர்ப்பு சொல்லும்."

அதுக்கு ஒரு வாரம் முன்னாடிதான் எலெக்சன் முடிஞ்சது. எலெக்சன் வந்தா துப்பாக்கி, தோட்டா எல்லாத்தையும் ஸ்டேசன்ல ஒப்படைச்சிரணும், முடிஞ்ச பெறகு போய் வாங்கிக்கணும். ரெண்டு பேரும் சேந்துதான் போனோம். வெளிய வந்ததும் அவனுக்கு ஏலக்காய் ஏலத்துல இருந்து போன் வந்துச்சு, பேசிக்கிட்டே நடந்தான். ஜீப்புல உக்காந்து நான்தான் தோட்டாப் பொட்டி ரெண்டையும் பிரிச்சேன். ரெண்டும் ஒரே அளவு அட்டைப்பொட்டி, மேல இருந்த எழுத்து அழிஞ்சு போச்சு. அழிஞ்சா எனக்கென்ன? பொட்டிக்கு ஒண்ணு எடுத்துக் கையில வச்சுப் பாத்தேன். கனமா இருந்தது எனக்கு, லேசா இருந்தது அவனுக்கு. "பாத்தீங்களா மாமா?"ன்னான். "பாக்கணுமாடா நானு?"ன்னேன். சரின்னு வாங்கி சட்டைப்பையில வச்சுக்கிட்டான். நான் குடுத்தத அவன் எப்பவும் எண்ணிக்கூடப் பாக்க மாட்டான், அந்த மரியாதை மட்டும் அவன்கிட்ட இருந்துச்சு.

அந்தா லோயர் கேம்ப் வந்துருச்சா? இனிமே மலை வளைவுதான், கம்பியப் பிடிச்சுக்கங்க.

அன்னைக்கு விடியக்காலம். வெளிச்சம் வந்தாச்சு, ஆனா பனிமூட்டம். எனக்கு இப்பெல்லாம் மத்தியானம் கூட பனிமூட்டமாத்தான் இருக்கு, பருவமே மாறிப் போச்சு தம்பி. சேட்டன் தோட்டத்து ஓரத்துல ரெண்டு பேரும் உக்காந்திருக்கோம். பின்னாடி பாரஸ்டர் ஒருத்தரு, சேட்டன், இன்னும் நாலஞ்சு பேரு. பன்னி வந்துச்சு. நல்ல எருமைக் கன்னு மாதிரி, கறுப்பா, கெழங்குச் செடிக்குள்ள நின்னு உறுமுது. முதல் வெடி மாப்ளைக்குன்னு நான்தான் பெருந்தன்மையா விட்டுக் குடுத்தேன்.

இவன் துப்பாக்கி போல்ட்ட முன்னாடி தள்ளுறான், அடைய மாட்டேங்குது. இழுக்குறான், தள்ளுறான், அடையல. எனக்கு உள்ளுக்குள்ள சிரிப்பு. தபால்காரனுக்கு அன்னைக்கு லீவுபோல. தோட்டாவ வெளிய எடுத்துத் திருப்பித் திருப்பிப் பாக்குறான். பன்னி அதுவரைக்கும் நிக்குமா? நான் என் முந்நூறத் தோளுல வச்சேன். போல்ட்டு வெண்ணெய்ல கத்தி போன மாதிரி அடைஞ்சது. குறி வச்சுட்டேன், விரலையும் வச்சுட்டேன். அந்த நேரம் பாத்து இவன், "மாமா, சுடாதீங்க"ன்னு ஒரு கத்து கத்தினான். பன்னிக்கே தூக்கி வாரிப் போட்டிருக்கும்.

பொறாமை தம்பி. வேற என்ன? தன்னுது வேலை செய்யல, என்னுது செஞ்சிரக் கூடாது.

சுட்டேன். வழக்கமாத் தோளுல ஒரு இடி விழும், அன்னைக்கு அது கூட இல்ல, பூ மாதிரி இருந்துச்சு. பன்னி பாட்டுக்குக் காட்டுக்குள்ள ஓடுது. எங்கயோ எட்டத்துல 'டமார்'னு சத்தம். பாத்தா, மேட்டுல சேட்டன் வீட்டு மாட்டுக் கொட்டகை ஓரமா ஒரு பெரிய பிளாஸ்டிக் தண்ணித்தொட்டி நிக்கும், அதுல இருந்து தண்ணி பீச்சி அடிக்குது. மாடு ரெண்டும் நனைஞ்சுக்கிட்டே நம்மளப் பாக்குது. சேட்டன் சம்சாரம், சேட்டத்தி, அப்பத்தான் பாலக் கறக்கக் கொட்டகைக்கு வந்திருக்காங்க, கையில இருந்த பாத்திரத்தக் கீழ போட்டுட்டாங்க. ஒண்ணும் ஆகல. ஒண்ணும் ஆகாததுக்குப் போய் எல்லாரும் அப்படி ஒரு ஓட்டம் ஓடினாங்க.

இதுவரைக்கும் சொன்னதுக்குக் கூட எனக்குக் கோவமில்ல. குறி தப்புறது யாருக்கும் நடக்கும், அதுவும் காதுக்குப் பக்கத்துல கத்தினா. இதுக்கப்புறம் இவன் செஞ்சான் பாருங்க மூணு காரியம்.

ஓடி வந்து முதல்ல என் மூஞ்சியத் தடவிப் பாத்தான், கையத் தடவிப் பாத்தான். "ஒண்ணும் ஆகலியே மாமா, ஒண்ணும் ஆகலியே"ன்னு. குழந்தைப்புள்ளையா நானு? நாலு பேரு பாக்கையில. அப்புறம் என் துப்பாக்கிய வாங்கி, சுட்ட வெறுந்தோட்டாவ உருவி, யாருக்கும் தெரியாம இடுப்புல சொருகிக்கிட்டான். நான் பாக்கலன்னு நெனச்சான். நான் பாத்தேன்.

அடுத்து பாரஸ்டர் வந்தாரு. மலையாளத்துல கேக்குறாரு, கோளாறு ஆளுலயா துப்பாக்கியிலயான்னு. ஆளுலன்னா பேர எடுத்துருவோம், லைசென்ஸ ரத்து பண்ணச் சொல்லியும் எழுதிருவோம்னாரு. அதுக்கு இவன் சொல்றான் தம்பி, "ஆளு குறி சுத்தம் சார். துப்பாக்கிதான் கெழடாயிருச்சு. குழலு உள்ள தேஞ்சு போச்சு, குண்டு நிக்காது. அத இனிமே எடுக்கக் கூடாது." எங்க அப்பா வாங்கின துப்பாக்கிய. நான் மாசாமாசம் எண்ணெய் போட்டுத் தொடச்ச குழல. அதக் கேட்டுட்டு, கோட்டயத்துல ஒரு துப்பாக்கிக் கடைக்குப் பரிசோதனைக்கு அனுப்பிட்டாங்க. இன்னும் வரல. வீட்டுல அது மாட்டியிருந்த ஆணி மட்டும் இருக்கு.

மூணாவதுதான் என்னால தாங்க முடியல. அன்னைக்கு அப்புறம் பிடிச்ச மழையில சேறா நனைஞ்சு, என் தோட்டத்து வீட்டுல வந்து குளிச்சுட்டு என் சட்டையப் போட்டுக்கிட்டு உக்காந்தான். நான் சண்டைக்குத் தயாரா இருக்கேன். "ஏன்டா, என் துப்பாக்கி கெழடா? உன் ஏழு மில்லிக்கு வாயே அடைய மாட்டேங்குது, என் முந்நூறப் பேசுறியா?"ன்னு ஆரம்பிச்சேன். இவன் தலையக் குனிஞ்சுக்கிட்டு, "ஆமா மாமா. உங்க முந்நூறுதான் ஒசத்தி"ன்னுட்டான்.

என்ன தம்பி சிரிக்கிறீங்க. ஜெயிச்சிட்டீங்கன்னு சொல்றீங்களா? இது ஒரு ஜெயிப்பா? ஆயுசு முழுக்க அவன் ஒத்துக்கிட்டதில்ல. அவன் கல்யாணத்துல தாலி கட்டப் போற நேரத்துல, "இப்பவாவது ஒத்துக்கடா"ன்னு காதுல சொன்னேன். மணவறையில இருந்துக்கிட்டே, "ஏழு மில்லி"ன்னு சொல்லிட்டுத் தாலியக் கட்டினவன். அவன் போய் ஆமா மாமான்னு சொன்னா எனக்கு என்ன இருக்கு? செத்த வீட்டுல ஆறுதல் சொல்ற மாதிரி சொல்றான். அதோட கம்பத்துக்கு எறங்கிட்டேன். போன் பண்ணினான், "சாப்பிட்டீங்களா மாமா, கண்ணாஸ்பத்திரிக்கு எப்பப் போறீங்க மாமா"ன்னு. நான் துப்பாக்கியப் பத்திப் பேசினா இவன் கண்ணப் பத்திப் பேசுறான். வச்சிட்டேன். அப்புறம் அவன் போனையும் எடுக்கல. சாயங்காலமானா அவன் கூப்புடுற நேரத்துக்கு போனுக்குப் பக்கத்துலதான் உக்காந்திருக்கேன், எடுக்க மட்டும் மாட்டேன். கஷ்டமாத்தான் இருக்கு. இல்லங்கல.

நேத்துத்தான் திருடன் அகப்பட்டான். அன்னைக்குக் கழட்டிப் போட்ட அவன் வேட்டி சட்டை தோட்டத்து அழுக்கு மூட்டையோட இப்பத்தான் கீழ வந்திருக்கு. லோகமணி மெசின்ல போட்டா கடகடன்னு ஒரே சத்தம். நிறுத்திக் கையவிட்டா, வேட்டி மடிப்புக்குள்ள இருந்து இது விழுகுது. இந்தா, என் வெறுந்தோட்டா. அவ கண்ணாடியப் போட்டுக்கிட்டு அத ரொம்ப நேரம் பாத்தா. சுருளிக்குப் போன் போட்டு உள்ள போய்ப் பேசினா. வெளிய வந்து, "நீங்களே கொண்டு போய் உங்க மச்சினன்கிட்டக் கேளுங்க"ன்னா. மொகத்துல ஒரு சிரிப்பு வேற. தம்பி மாட்டிக்கிட்டான்னு அவளுக்கே சிரிப்பு.

இத அவன் முன்னாடி வைக்கணும். என்ன எழவுக்குடா இத ஒளிச்சேன்னு கேக்கணும். பாருங்க, வாய்ப்பக்கம் எப்படிக் கிழிஞ்சிருக்கு. அவ்வளவு வேகம் முந்நூறுக்கு. அடியில வட்டமா பேரு அடிச்சிருப்பான் தம்பி, படிங்க. முந்நூறுன்னு இருக்கும். நான் படிச்சுருவேன், வண்டி ஆடுது, அதான்.

என்ன?

சரியாப் பாருங்க. வெளிச்சத்துல பிடிங்க. மூணும் ரெண்டு சைபரும் இருக்கும்.

ஏழா? பக்கத்துல என்ன, ரெண்டு எம்மா?

குடுங்க இங்க.

கொஞ்சம் இருங்க தம்பி, பேசாதீங்க.

பொட்டிய நான்தான பிரிச்சேன். கையில வச்சுப் பாத்து நான்தான குடுத்தேன். அப்ப அவன் கைக்குப் போனது என்னுது. அவன் துப்பாக்கிக்குள்ள அது எப்படி அடையும், அது தடிமனாச்சே. கையில எடுத்துப் பாத்ததும் அவனுக்குத் தெரிஞ்சு போச்சு. அதான் சுடாதீங்கன்னு கத்தியிருக்கான். அவனது ஒல்லி, என் குழலுக்குள்ள லொடலொடன்னு போயிருக்கு. அது எங்க போகும்னு யாருக்குத் தெரியும். சேட்டத்தி அங்கதான நின்னாங்க. ஒரு ஆள் தூரம். பால் பாத்திரத்தோட நின்னாங்க அந்தம்மா.

அவ்வளவு பேரு முன்னாடி ஒரு வார்த்தை சொல்லலியே அவன். மாமாவுக்குக் கண்ணு தெரியல, எது எவன் தோட்டான்னு கூடத் தெரியலன்னு சொல்லியிருந்தா அன்னைக்கே சந்தி சிரிச்சிருக்கும். வாய்க்கு வாய் கேலி பண்றவன். ஆயுசுக்கும் என்னைய ஓட்டுறதுக்கு இத விட ஒண்ணு கெடைக்குமா அவனுக்கு? அத இடுப்புல சொருகிக்கிட்டுப் போயிட்டான். துப்பாக்கியையும் என் கைக்குத் திரும்பக் கெடைக்காம பண்ணிட்டான். போனு போட்டு கண்ணு, கண்ணுன்னு கேட்டான். நான் வச்சிட்டேன்.

இருங்க, இந்தப் பைய அவுக்குறேன். தேங்காயி, வெத்தலை, பழம், கல்கண்டு. இது என்ன காயிதம், பத்திரிகையா? மஞ்சள் தடவியிருக்கு, வாசனை வருது. லோகமணி, நீ லேசுப்பட்டவ இல்ல. எல்லாம் தெரிஞ்சுதான் அனுப்பியிருக்கா. அதான் அந்தச் சிரிப்பு.

சரி. பத்திரிகைய வைக்கிறேன். அவன் கால்ல விழ வயசு இல்ல, மூத்தவன் நான். வெத்தலை பாக்கு வச்சு, மாப்ள, நீ வந்து முன்ன நின்னாத்தான் கல்யாணம்னு சொல்லிருவேன். சேட்டத்தி வீட்டுக்கும் போகணும், அந்தம்மா முன்னாடி நிக்கணும். துப்பாக்கி கோட்டயத்துலயே கெடக்கட்டும். கண்ணாஸ்பத்திரிக்கு அவனையே கூட்டிட்டுப் போகச் சொல்றேன்.

ஆனா அதுக்கு முன்னாடி ஒண்ணு கேப்பேன். இந்தத் தோட்டாவ அவன் உள்ளங்கையில வச்சு, "ஏன்டா மாப்ள, தொட்டிய ஓட்டை போட்டது யாரு? உன் தபால்காரன்தான? பன்னிக்குக் குடுக்கச் சொன்ன காயிதத்தத் தண்ணித்தொட்டிக்குக் குடுத்துட்டு வந்திருக்கான். என் மூட்டைக்காரன் அன்னைக்கு வேலைக்கே வரல. அவன் வந்திருந்தா கதையே வேற"ன்னு கேக்கப் போறேன். ரொம்ப நேரம் தாங்க மாட்டான் அவன். இன்னும் எத்தனை நாளைக்கு ஆமா மாமா போடுவான்? ஒரு கத்து கத்துவான் பாருங்க, தோட்டம் முழுக்கக் கேக்கும். கத்தட்டும். அது காதுல விழுந்து ரொம்ப நாளாச்சு.

செக்போஸ்ட்டு வந்துருச்சுபோல, வண்டி மெதுவாப் போகுதே. எறங்கையில கொஞ்சம் கையப் பிடிச்சுக்கங்க தம்பி. படி எங்க இருக்குன்னு எனக்குச் சரியாத் தெரியல.